ரசீது கொடுக்காமல் வாங்கிய அட்டை

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செந்தில்,

நீ அனுப்பிய மூன்று குரல்பதிவையும் கேட்டேன். நியூஜெர்சியில் வேகமாகப் போனதற்கு உன்னை நிறுத்திய போலீஸ்காரரிடம், தப்பிக்க பிபிஏ என்கிற போலீஸ் சங்கத்தின் அட்டையைக் காட்டியிருக்கிறாய். அவர் அபராத டிக்கெட் போட்டதைவிட அந்த அட்டையைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டதுதான் உனக்கு எரிச்சல் என்று புரிகிறது. "முப்பது வருஷம் ஸ்டேஷன்ல இருந்தீங்களே, இப்படி எடுத்துக்க அவருக்கு அதிகாரம் இருக்காப்பா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன். சட்டம் படிக்கிற உன் சித்தப்பா மகளையும் ஒரு வாரமாகத் தொந்தரவு செய்து, தீர்ப்புகளைப் படித்துக் காட்டச் சொன்னேன்.

அதற்கு முன்னால் நான் உன்னிடம் சொல்லாத ஒரு கதை. 1994-இல் வாகனச் சோதனையில் நின்றிருந்தபோது ஒருவர் லைசென்சுக்குப் பதிலாக ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார். ஓர் அரசியல்வாதியின் கார்டு. பின்னால் "நமக்கு வேண்டியவர், பார்த்துக்கொள்ளவும்" என்று பேனாவில் எழுதி ஒரு கையெழுத்து. எனக்கு வந்த கோபத்தில் கார்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அபராதமும் எழுதினேன். அந்த ஆள் அசராமல், "ஏட்டையா, அந்தக் கார்டுக்கு ரசீது கொடுங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ராத்திரி ஸ்டேஷனில் உட்கார்ந்து யோசித்தேன். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 206-வது பிரிவு லைசென்சை எடுத்துவைக்க அதிகாரம் தருகிறது. எடுத்தால் கையோடு ஒப்புகைச் சீட்டு கொடு என்றும் அதே பிரிவே சொல்கிறது. விசிட்டிங் கார்டை எடுக்க எந்தப் பிரிவும் இல்லை. மறுநாள் உறையில் போட்டு, என் காசில் ஸ்டாம்பு ஒட்டி, அவர் முகவரிக்கே அனுப்பினேன்.

உன் விஷயமும் அதுதான். அந்த பிபிஏ அட்டையை அரசாங்கம் தரவில்லை. நியூயார்க் நகரப் போலீஸ்காரர்களின் சங்கம் அச்சடித்து உறுப்பினர்களுக்குத் தருகிறது. அவர்கள் தங்கள் வீட்டாருக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுக்கிறார்கள். 2018-இல் ஆளுக்கு 30 என்றிருந்ததை 20 ஆகவும், ஓய்வு பெற்றவர்களுக்கு 20-ஐ 10 ஆகவும் குறைத்ததற்கே உறுப்பினர்கள் கொதித்துப்போனார்களாம். இணையத்தில் வைத்து விற்கிற அளவுக்கு அதற்குக் கிராக்கி. ஆனால் சட்டத்தின் முன் அது வெறும் அட்டை. டிக்கெட் போடுவதா, எச்சரித்து விடுவதா என்பது எதிரே நிற்கும் அதிகாரியின் விருப்பம். அட்டை அந்த விருப்பத்தைத் தூண்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

சரி, எடுத்துவைக்கலாமா? அட்டை யாருடையது என்பதில் ஆரம்பிக்க வேண்டும். இந்த மாதிரி அட்டைகள் பலவற்றில் "இது சங்கத்தின் சொத்து, கேட்டால் திருப்பித் தர வேண்டும்" என்கிற ரீதியில் ஒரு வரி இருக்கும். அதை வைத்துத்தான் போலீஸ்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நூலகப் புத்தகம் மாதிரி வைத்துக்கொள். புத்தகம் உன்னுடையது இல்லை, நூலகர் கேட்டால் கொடுக்க வேண்டும். அதற்காக வழியில் போகிற இன்னொருவர் உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போக முடியாது. உன்னை நிறுத்தியவர் நியூஜெர்சி போலீஸ்காரர். அங்கே மாநிலச் சங்கம் தனி. நியூயார்க் சங்கத்தின் பெயரைச் சொல்லித் திரும்பக் கேட்க அவர் யார்?

அவர் அங்கே சங்கத்து ஆளாகவும் நிற்கவில்லை. சீருடையோடு, விளக்குப் போட்டு வண்டியை நிறுத்திய அரசாங்க ஆள். அப்போது அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் உள்ளே வருகிறது. நியாயமில்லாமல் ஒருவரைச் சோதிக்கவோ அவர் பொருளைக் கைப்பற்றவோ அரசாங்கத்துக்கு அது தடை. ஒருவர் கைவசம் வைத்திருக்கும் பொருளில் அவருக்குள்ள உரிமையில் குறிப்பிடத்தக்க அளவு தலையிட்டால் அது கைப்பற்றல்தான் என்று அவர்களின் உச்ச நீதிமன்றம் 1984-இல் ஜேக்கப்சன் வழக்கில் சொல்லியிருக்கிறது. 1992-இல் சோல்டால் வழக்கு இன்னும் சுவாரசியம். இல்லினாயில் ஒரு குடும்பம் குடியிருந்த நகரும் வீட்டை, அது நின்ற இடத்தை நடத்தியவர்கள் அப்படியே இழுத்துக்கொண்டு போனார்கள். ஷெரிப், அதாவது வட்டாரப் போலீஸ் தலைவரின் ஆட்கள் பக்கத்திலேயே நின்றார்கள். வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை, எதையும் தேடவில்லை. இருந்தும் அது கைப்பற்றல்தான் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். வீட்டுக்குச் சொன்னது அட்டைக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

அட்டை போலி என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் சாட்சியமாக எடுக்கலாம். உன்னைக் கைது செய்திருந்தால் பர்ஸோடு சேர்ந்து பட்டியலில் ஏறியிருக்கும். நீயே "வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தாலும் பேச்சில்லை. உன் விஷயத்தில் இது எதுவும் நடக்கவில்லை. நீ பார்க்கக் கொடுத்தாய், அவர் வைத்துக்கொண்டார். ஆகவே அவருக்கு அதிகாரம் இல்லை என்றுதான் ஸ்டேஷன் ரைட்டராக இருந்த எனக்குப் படுகிறது. ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்காமல் போனாரே, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஆனால் வழக்குப் போடப் போகிறேன் என்கிறாயே, அங்கேதான் நிற்கிறேன். ஜெயித்தால் பெயருக்கு ஒரு டாலர் நஷ்டஈடு கிடைக்கலாம். அதற்கு நீ கூண்டில் ஏறி, "35 மைல் ரோட்டில் 52-இல் போனேன், தப்பிக்க இந்த அட்டையைக் காட்டினேன், அதை எடுத்துக்கொண்டார்" என்று சொல்ல வேண்டும். நியூயார்க் நகரத்தின் ஸ்டேட்டன் ஐலண்டில் மாத்யூ பியாங்கி என்ற போலீஸ்காரர் அட்டை காட்டியவர்களுக்கும் டிக்கெட் எழுதினார். அதற்காகத் தன்னைப் பழிவாங்கியதாக 2023-இல் வழக்குப் போட்டார். அடுத்த வருஷம் நகரம் 1,75,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அட்டையை மதிக்காதவருக்குக் கிடைத்த பணம் அது, காட்டியவருக்கு இல்லை. எனக்கு அந்தப் பையனைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

மனசு ஆறவில்லை என்றால் அந்தப் போலீஸ் துறையின் உள்விசாரணைப் பிரிவுக்கு ஒரு புகார் எழுது. நியூஜெர்சியில் எல்லாத் துறையிலும் அது உண்டு, யார் கொடுத்தாலும் வாங்கியாக வேண்டும். அப்புறம் டிக்கெட்டைப் பார். 17 மைல் அதிகம் என்றால் உன் லைசென்ஸ் கணக்கில் குற்றப் புள்ளியாக நான்கு பாயிண்ட் ஏறும். மூன்று வருஷத்தில் ஆறு சேர்ந்தால் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். நகர நீதிமன்றத்தில் அரசு வக்கீலிடம் பேசினால், பாதுகாப்பின்றி ஓட்டியது என்ற பாயிண்ட் இல்லாத குற்றமாக மாற்றச் சில சமயம் சம்மதிப்பார்கள். பணம் கூடுதலாகப் போகும். அதற்கு யார் அட்டையும் வேண்டாம்.

அப்புறம் ஒன்று. இருட்டில் வண்டியை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். அட்டையைத் தேடுகிறேன் என்று நீ டாஷ்போர்டுப் பெட்டிக்குள் கைவிட்டதாகச் சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அட்டையின் பின்னால் உன் நண்பனுடைய அண்ணன் பெயரும் நம்பரும் எழுதியிருந்தது என்றாய். எடுத்துக்கொண்டு போனவர் அவரைக் கூப்பிடாமல் இருக்க மாட்டார். அதற்குள் நீயே பேசி, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடு. புது அட்டை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்.

கோர்ட் தேதி என்றைக்கு என்று எழுதி அனுப்பு. குரல்பதிவு வேண்டாம், அம்மாவும் கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா