வால்வு ஆம்பிளிஃபயர் வாங்கிய மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ வாங்கிய வால்வு ஆம்பிளிஃபயரின் படங்களைத் தம்பியின் கணினியில் பெரிதாக்கி இரண்டு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். வேலை செய்யும்போது இந்தத் தாளை மேசையில் வைத்துக்கொள்.

விற்றவர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார், வால்வுகள் எல்லாம், அதாவது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்கள் எல்லாம், எரிந்தன, ஆகவே நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். வால்வு எரிவது அதனுள் சூடேறும் இழையான ஹீட்டருக்கு மின்சாரம் போகிறது என்பதற்கு மட்டுமே சான்று. அடுப்பு எரிவதைப் பார்த்துச் சோறு வெந்துவிட்டது என்று சொல்வதைப் போன்றது அது. நான் எழுதுவதை முழுதும் படித்து முடிக்கும் வரை அந்தப் பிளக்கைச் சுவரில் செருகாதே.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மேல் கூண்டு தொலைந்துபோனதால் உனக்குப் பெயர் தெரியவில்லை. ஆனால் அமைப்பே சொல்லிவிடுகிறது. பின்வரிசையில் மூன்று டிரான்ஸ்ஃபார்மர்கள், நடுவில் பெரியது. முன்னால் நடுவே ஒரு பழுப்பு நிறப் பலகை, அதன்மேல் இரண்டு சிறிய வால்வுகள். பலகையின் இரு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு பெரிய வால்வுகள். முன்முகத்தில் எட்டுத் துளை கொண்ட இரண்டு சாக்கெட்டுகள். இது டைனகோ ஸ்டீரியோ 70. நீ இருக்கும் அதே பிலடெல்பியாவில், டேவிட் ஹாஃப்லர் நடத்திய நிறுவனம் 1959-இல் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு 35 வாட். முழுதாகக் கோத்தும் விற்றார்கள். உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் போட்டு, ஒவ்வொரு கம்பியையும் எங்கே வைத்து ஈயத்தால் பற்ற வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லும் ஒரு புத்தகத்தோடு இன்னும் குறைந்த விலைக்கும் விற்றார்கள். மூன்று லட்சத்துக்கும் மேல் விற்ற பொருள் என்பதால் உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. தெரியாமல் வாங்கினாலும் நல்லதைத்தான் வாங்கியிருக்கிறாய்.

உன்னுடையது வீட்டில் ஒருவர் கையால் கோத்தது. அடிப்பக்கப் படத்தைப் பார்: பழுப்புப் பலகையில் இருக்கும் பற்றுகள் எல்லாம் ஒரே அளவில் பளிச்சென்று இருக்கின்றன, ஏனென்றால் பலகை மட்டும் தொழிற்சாலையிலேயே பற்றி முடித்து வந்தது. ஸ்பீக்கர் முனைகளில் இருப்பவையோ ஒன்று உருண்டை, ஒன்று தட்டை, ஒன்றில் ஈயம் ஒட்டாமல் சாம்பல் பூத்து நிற்கிறது. அதைக் கோத்தவர் இளைஞராக இருந்தபோது, இராச் சாப்பாடு முடிந்து சமையலறை மேசையில் செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சாம்பல் பூத்த பற்றை மட்டும் சூடாக்கித் திரும்ப வை, மற்றவற்றைக் கலைக்காதே.

வயதைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் வெள்ளி நிற உருளைக் கண்டென்சரின் மேல் 235 என்றும், அதையடுத்து 6214 என்றும் பொறித்திருக்கிறது. அமெரிக்க உதிரிப் பாகங்களில் முதல் மூன்று இலக்கங்கள் செய்தவரின் எண்; 235 என்றால் மல்லோரி நிறுவனம். அடுத்த நான்கு, 1962-ஆம் ஆண்டின் பதினான்காம் வாரம். இனி ஒரு பெரிய வால்வின் அடிக்கண்ணாடியை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பொறித்த இரண்டு வரிகள் தெரியும். நீ எடுத்த படத்தில் இரண்டாம் வரி ‘பி 2 ஏ 3’ என்று இருக்கிறது. ‘பி’ என்பது இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஊரில் இருந்த முல்லார்டு தொழிற்சாலை, 2 என்பது ஆண்டின் கடைசி இலக்கம், ‘ஏ’ என்பது சனவரி, 3 என்பது வாரம். அந்த 2 மட்டும் இருந்தால் 1962-ஆ 1972-ஆ என்று சொல்ல முடியாது. கண்டென்சரையும் சேர்த்துப் படித்தால்தான் 1962 என்று தெரிகிறது. அப்படியானால் அந்த வால்வு பெட்டியோடு வந்த முதல் வால்வாகவே இருக்கக்கூடும். மேலே எந்த நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருந்தாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஒருவர் செய்ததை இன்னொருவர் தம் பெயரில் விற்பது அப்போதே வழக்கம். அச்சு விரலால் தேய்த்தால் போய்விடும். அடியில் பொறித்தது போகாது.

அந்த நான்கும் இ.எல்.34. உனக்கு நினைவிருக்கும், நம் கடையில் கல்யாண வீட்டுக்குப் போகும் பெரிய மைக் செட்டிலும் இதே வால்வுதான். பெயரிலேயே விவரம் இருக்கிறது: ‘இ’ என்றால் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், ‘எல்’ என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் பென்டோடு (ஐந்து மின்முனை வால்வு), 34 என்பதில் உள்ள 3 எட்டு ஊசி அடியைக் குறிக்கும். அமெரிக்கர்கள் இதையே 6சி.ஏ.7 என்பார்கள். நடுவே தனியாக நிற்பது ஜி.இசட்.34, ஏ.சி.யை டி.சி. ஆக்குவது, 5 வோல்ட் ஹீட்டர். பலகையில் உள்ள இரண்டும் 7199. இதுதான் கிடைப்பது அரிது. 6யு8ஏ இதற்கு மாற்று என்று யாராவது கொடுத்தால் வாங்கிச் செருகிவிடாதே. ஒரே மாதிரி ஒன்பது ஊசி இருந்தாலும் உள்ளே எது எந்த ஊசியில் என்பது வேறு.

இப்போது ஒவ்வொரு வால்வின் கண்ணாடிக்கு உட்புறத்திலும் முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும் வெள்ளிப் பூச்சைப் பார். உள்ளே மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்ச வைத்தது அது. பூச்சு பளபளப்பாகவோ ஓரம் பழுப்பாகவோ இருந்தால் பிழையில்லை. பால் ஊற்றியது போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. நான்காவது படத்தில் வலது ஓரத்து வால்வு எனக்கு அப்படித்தான் தெரிகிறது. வெளிச்சத்தின் குறும்பாகவும் இருக்கலாம், நேரில் பார்த்துச் சொல்.

திறப்பதற்கு முன் ஒன்று. இதன் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. பிளக்கை எடுத்த பிறகும் கண்டென்சர் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். பத்தாயிரம் ஓம், பத்து வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் கம்பியும் கிளிப்பும் கட்டி, ஒரு கிளிப்பைச் சாசியில் (உலோக அடிப்பெட்டியில்) மாட்டி, மற்றதைக் கண்டென்சரின் ஒவ்வொரு முனையிலும் பத்து விநாடி வைத்து எடு. பிறகு மீட்டர் வைத்துப் பூச்சியம் என்று பார். ஸ்குரு டிரைவரால் தட்டிப் பொறி பறக்க விடுவதை நம் கடைப் பையன்கள் வீரமாக நினைத்தார்கள், நீ செய்யாதே. மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். வளையலையும் கழற்றி வை.

அந்த மல்லோரி கண்டென்சரை மாற்றிவிடு. மெதுவாக மின்சாரம் கொடுத்துப் பழையதை உயிர்ப்பிக்கலாம் என்பவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். ஆனால் அறுபது ஆண்டு கடந்த கண்டென்சர் ஷார்ட் ஆனால் ஜி.இசட்.34-ம் போகும், டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம். அதே அளவில் புதிதாகச் செய்து விற்கிறார்கள், சாசியில் துளை போட வேண்டியதில்லை. கூடவே பயாஸுக்காக ஏ.சி.யை டி.சி. ஆக்கும் செலினியம் ரெக்டிஃபயரை எடுத்துவிட்டு ஒரு சிலிக்கன் டயோடும், பயாஸ் பகுதியில் இருக்கும் இரண்டு சிறிய கண்டென்சர்களும் புதிதாகப் போடு. பார்க்க அற்பமான பொருட்கள். ஆனால் அங்கிருந்து வரும் மைனஸ் வோல்ட்டேஜ்தான் நான்கு பெரிய வால்வுகளையும் அடக்கி வைத்திருக்கிறது. அது நின்றால் வால்வுகள் கட்டுமீறி ஓடும், உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு கொல்லன் உலை இரும்பு போலச் சிவக்கும். மாலை வெளிச்சத்தில் அந்தச் சிவப்பைக் கண்டால் யோசிக்காமல் சுவிட்சை அணை. கண்ணாடியின் உட்பரப்பில் நீல ஒளி படர்ந்தால் பயப்படாதே, அது நல்ல இ.எல்.34-இலும் வருவதுதான்.

இனி மின்சாரம் கொடுக்கும் முறை. கடையில் என் மேசைக்கு மேலே தொங்கிய சீரிஸ் பல்பு நினைவிருக்கிறதா? அதே போல 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சுவருக்கும் ஆம்பிளிஃபயருக்கும் இடையே வரிசையில் கட்டு, எல்.இ.டி. விளக்கு இதற்கு ஆகாது. முதலில் எல்லா வால்வுகளையும் கழற்றி வைத்துவிட்டுப் போடு. பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிட வேண்டும். பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். அது சரியானால், பல்பை எடுத்துவிட்டு, வால்வுகள் இல்லாமலே, பெரிய வால்வு சாக்கெட்டின் ஐந்தாம் ஊசிக்கும் சாசிக்கும் இடையே அளந்து பார். ஜி.இசட்.34 இல்லாவிட்டாலும் பயாஸ் மட்டும் தனியாக வரும் என்பது இந்தச் சர்க்யூட்டின் வசதி. நான்கு சாக்கெட்டிலும் மைனஸ் 30-க்கு மேல் இருக்க வேண்டும். சாசியில் உள்ள பயாஸ் திருகைத் திருப்பினால் ஏறி இறங்க வேண்டும். ஜி.இசட்.34-இன் சாக்கெட்டில் அப்போதும் பெரிய ஏ.சி. வோல்ட்டேஜ் நிற்கும், அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகாதே.

எல்லாம் சரியாக இருந்தால் வால்வுகளைப் போடலாம். அதற்கு முன் இரண்டு ஸ்பீக்கர்களையும் மாட்டிவிடு. இதை நான் சும்மா சொல்லவில்லை. நீ பிறப்பதற்கு முன், ஒரு கோயில் திருவிழாவில், தேரடிக்குப் போன குழாய் ஸ்பீக்கரின் கம்பியை ஏதோ மாட்டு வண்டி அறுத்துவிட்டுப் போனது. எனக்குத் தெரியாது. இங்கே பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, தூரத்தில் சத்தமில்லை. வால்யூமை மேலும் மேலும் ஏற்றினேன். ஆம்பிளிஃபயரின் மேல் குனிந்தபோது டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகளே அந்தப் பாட்டை மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தன. இது என்ன விந்தை என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு பொறி சொடுக்கியது, வார்னிஷ் கருகிய வாடை வந்தது. திரும்பச் சுற்றி வாங்க இரண்டு மாதக் கடை வாடகை போயிற்று. போக இடமில்லாத சத்தம் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளேயே உயர் மின்னழுத்தமாக எழுந்து காப்பைத் துளைத்துவிடும். உன் ஆம்பிளிஃபயரில் ஸ்பீக்கருக்குப் போகும் ஓரத்து இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள்தான் உயிர். ஹாஃப்லரும் அவருடைய கூட்டாளி ஹெர்பர்ட் கெரோஸும் 1951-இல் எழுதி வெளியிட்ட, ஒலிச் சிதைவைக் குறைக்கும் அல்ட்ரா லீனியர் முறையில் சுற்றியவை. விற்றவர் சுவிட்சைப் போட்டபோது ஸ்பீக்கர் மாட்டியிருந்ததா என்று நீ எழுதவில்லை. உன் ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை ஓம் என்று பார்த்து, 4, 8, 16 என்று எழுதியிருக்கும் முனைகளில் அதற்குரியதில் மாட்டு.

பயாஸ் வைப்பதற்கு முன்முகத்தின் அந்த இரண்டு சாக்கெட்டுகளிலும் அளக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். எந்தத் துளை என்பது நிறுவனத்தின் புத்தகத்தில் படம் போட்டிருக்கும், அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள். பக்கத்துத் துளையில் உயர் மின்னழுத்தம் நிற்கிறது, மீட்டர் கம்பி வழுக்கக் கூடாது. புத்தகம் 1.56 வோல்ட் வைக்கச் சொல்லும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யோசி: உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் 15.6 ஓம், ஆகவே 1.56 வோல்ட் என்றால் இரண்டு வால்வுக்கும் சேர்த்து 100 மில்லி ஆம்பியர், ஒன்றுக்கு 50. வால்வில் 420 வோல்ட் இருந்தால் 21 வாட் வெப்பம், இ.எல்.34-இன் எல்லை 25. அன்று 117 வோல்ட்டைக் கணக்கில் வைத்துச் செய்த டிரான்ஸ்ஃபார்மர். இன்று உன் சுவரில் 120-க்கு மேலும் வரும், உள்ளே எல்லாமே அதற்கேற்ப ஏறும். ஆகவே நீ 1.25 வோல்ட்டில் வை, ஒன்றுக்கு 40 மில்லி ஆம்பியர். காதுக்கு வித்தியாசம் தெரியாது, வால்வு நீண்ட நாள் வரும். முன்னோர் செய்த ஒரு சிக்கனம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை: ஒரு ரெசிஸ்டரில் இரண்டு வால்வையும் சேர்த்து அளப்பதால், ஒன்று 60, மற்றது 20 இழுத்தாலும் மீட்டர் சரி என்றே காட்டும். அதனால் புதிது வாங்க நேர்ந்தால் ஜோடி பார்த்துக் கொடுப்பவரிடம் வாங்கு. அரை மணி நேரம் சூடான பிறகு ஒரு முறை திரும்ப அளந்துகொள்.

இதில் வால்யூம் இல்லை, 1.3 வோல்ட் வந்தால் முழு 35 வாட்டையும் கொடுத்துவிடும். போனை நேராக மாட்டுவதானால் முதலில் போனின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மாட்டு. நான்கு இ.எல்.34-இன் ஹீட்டர் மட்டுமே 38 வாட் எடுக்கும், ஆகவே அலமாரிக்குள் அடைக்காதே, பூனை ஏறாத இடமாகப் பார். இரண்டு கம்பி வயரை எடுத்துவிட்டு எர்த் உள்ள மூன்று கம்பி வயர் போட்டுவிடு.

அடுத்த முறை வரும்போது எனக்காக இதை எடுத்து வருவதாகச் சொன்னாயாம், அம்மா சொன்னாள். வேண்டாம். பதினான்கு கிலோ இரும்பு, இங்கே 230 வோல்ட், வழியில் எங்கேனும் விழுந்தால் வால்வு ஒன்றும் மிஞ்சாது. அங்கேயே இருக்கட்டும். நான்கு சாக்கெட்டிலும் அளந்த மைனஸ் வோல்ட்டேஜை ஒரு தாளில் எழுதி, வலது ஓரத்து வால்வின் உச்சியைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, இரண்டையும் அனுப்பு. பார்த்த பிறகு வால்வுகளைப் போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா