முகவுரையோடு கீழூரையும் சொல்லிக்கொடுங்கள்

புதுச்சேரி பள்ளிக் கல்வித் துறைக்கு,

வணக்கம். நவம்பர் 26 அன்று காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகவுரையை வாசிப்பதோடு நிறுத்திவிடாமல், எட்டாம் வகுப்பு முதல் ஒரு முழுப் பாடவேளையை அதற்கு ஒதுக்குங்கள். 45 நிமிடம் போதும்.

முதல் பத்து நிமிடம் முகவுரைக்கு. பலகையில் எழுதும்போது அடியில், அரசியலமைப்பு ஏற்கப்பட்ட நாளான 26.11.1949 என்று போடுகிறோம். ஆனால் ‘சமதர்ம’, ‘சமயச்சார்பற்ற’, ‘ஒருமைப்பாடு’ ஆகியவை 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் சேர்ந்தவை. பழைய வடிவத்தை வேறெங்காவது பார்க்கும் பிள்ளை எது சரி என்று குழம்பும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எல்லாருக்கும் சமய உரிமை தரும் 25-ஆம் பிரிவு தொடக்கத்திலிருந்தே இருந்தது என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும்.

அடுத்தது நம் ஊர்க் கதை. 1946 டிசம்பர் 9-இல் கூடிய அரசியல் நிர்ணய சபையில் புதுச்சேரிக்கு ஓர் இடம்கூட இல்லை. 1950 ஜனவரி 26 அன்று கடலூர் குடியரசின் பகுதி. எல்லைக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவுடன் இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள்: அத்துடன் எல்லாம் முடிந்துவிடவில்லை. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைத்து, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி இணைந்தோம். அந்த ஆண்டின் 14-ஆவது திருத்தம் நம்மை, மாநிலங்களையும் யூனியன் பிரதேசங்களையும் பட்டியலிடும் முதல் அட்டவணையில் சேர்த்தது. 239-ஏ பிரிவையும் கொண்டுவந்தது.

மீதி நேரம் முழுவதும் அந்தப் பிரிவுக்கே. 168-ஆம் பிரிவையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வைக்க வேண்டும். மாநிலங்களுக்குச் சட்டமன்றம் கட்டாயம் என்று 168-இல் அரசியலமைப்பே சொல்கிறது. யூனியன் பிரதேசமான நமக்கோ, 239-ஏ பிரிவில், விரும்பினால் சட்டம் இயற்றி ஏற்படுத்தலாம் என்று நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது, அவ்வளவுதான். நம் பேரவை நிற்பது அப்படி நாடாளுமன்றம் 1963-இல் இயற்றிய சட்டத்தின்மேல். அதை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை தேவையில்லை. சாதாரணப் பெரும்பான்மையே போதும். தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரோடு மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்க வழி செய்வதும் அந்தச் சட்டம்தான். நியமன உறுப்பினர்களும் பேரவையில் வாக்களிக்கலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாநிலங்களவைத் தேர்தலிலும் அவர்களுக்கு வாக்கில்லை. மாநிலத் தகுதி வேண்டுமா என்று பிள்ளைகளைப் பட்டிமன்றம் ஏற்றும் முன் இவ்வளவும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

காரைக்காலுக்கு இதே பாடம் அப்படியே பொருந்தும். மாஹேயும் ஏனாமும் கீழூர் வாக்கெடுப்புக்கு முன்பே, 1954-இன் நடுவில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டவை. அங்குள்ள பள்ளிகளுக்குத் தேதிகளைத் திருத்தி, மலையாளத்திலும் தெலுங்கிலும் தனிச் சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அரசியலமைப்புச் சட்டம் கற்பிப்போர், புதுச்சேரி