எங்கள் கேபிள் செய்திக்காரருக்கு ஒன்றரை வரிதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் சேலம் பக்கத்தில், கண் சிகிச்சை முகாம் செய்திக்கும் நகை ஏல விளம்பரத்துக்கும் நடுவில், எங்கள் பகுதி கேபிள் டிவியில் செய்தி சொல்லி ஓய்வு பெற்றவருக்கு நடந்த பாராட்டு விழாவை ஒன்றரை வரியில் போட்டிருந்தீர்கள். போட்டதற்கு நன்றி. ஆனால் அந்த மனிதரை ‘ஊர்க்கதை பேசிப் பொழுதுபோக்கியவர்’ என்று எழுத உங்கள் நிருபருக்கு எப்படி மனம் வந்தது? படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் விழுகிற பத்திரிகை இது.

அவர் கதைதான் சொன்னார், மறுக்கவில்லை. தினமும் இரவு ஏழரை மணிக்கு, “சாப்ட்டாச்சுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். வானொலியில் சரோஜ் நாராயணசுவாமி டெல்லியிலிருந்து செய்தி வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த உச்சரிப்புக்கு இன்றைக்கும் நான் அடிமை. ஆனால் அம்மாபேட்டையில் எந்தச் சந்தில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்தது, யார் வீட்டுப் பிள்ளை கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் தவறிப்போய் நிற்கிறது என்பதெல்லாம் டெல்லியிலிருந்து வராது. இவர்தான் சொன்னார். தென்கச்சி கோ. சுவாமிநாதன் ‘இன்று ஒரு தகவல்’ சொன்னபோது தமிழ்நாடே காதைத் தீட்டிக்கொண்டு கதை கேட்டது. 2009-இல் அவர் மறைந்தபோது ஊரே வருந்தியது தங்களுக்குத் தெரியாததல்ல. வானொலியில் சொன்னால் மரியாதை, கேபிளில் சொன்னால் பொழுதுபோக்கா?

மேட்டூர் அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு கட்டம் கட்டி நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று கன அடிக் கணக்குப் போடுகிறீர்கள். அது வேண்டியதுதான். என் மாமியாருக்குக் கன அடி என்றால் என்னவென்று கடைசிவரை தெரியாது. ஆனால் அணையில் தண்ணீர் எவ்வளவு என்று அவருக்கு எப்போதும் தெரியும். காரணம் இந்த மனிதர். நீர்மட்டம் 70 அடியை ஒட்டி இறங்கும் காலத்தில் அணை நீர்த்தேக்கத்தின் கரையில் உள்ள பண்ணவாடிப் பரிசல் துறைக்கே போய் நிற்பார். அங்கே தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி சிலையைக் காட்டி, “நேத்துக் கொம்பு மட்டும் தெரிஞ்சுதுங்க, இன்னிக்கு நந்தி கழுத்து வரைக்கும் வெளிய வந்துடுச்சு பாருங்க” என்பார். அந்தப் பக்கம் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தெரியும். 1934-இல் அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேங்கியதால் ஊரை விட்டு மேடேறிய குடும்பங்களின் பேரன் பேத்திகளைக் கரையில் நிறுத்தி, தாத்தா சொன்னதைச் சொல்லச் சொல்வார். பாசனத்துக்கு ஜூன் 12-ஆம் தேதி திறக்க முடியுமா முடியாதா என்பது அந்த நந்தியைப் பார்த்தாலே எங்களுக்கு விளங்கிவிடும். 120 அடி நிரம்பினால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வெண்பட்டு வேட்டி நெய்கிறவர்கள். தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்யும் குழித்தறி. ஒரு ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வராவிட்டாலும், தரையிலிருந்து ஊறி ஊறித் தறிக்குழி நிறைந்துவிட்டது. தறியில் பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், பூட்டியபடி நிற்கிறது. ஒரு பெரிய பத்திரிகையின் நிருபர் வாசலோடு நின்று, “இந்தத் தெருவுல எத்தனை தறிம்மா?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போய்விட்டார். கேபிள்காரர் வந்தார். செருப்பைக் கழற்றினார். என் வீட்டுக்காரர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, பேன்ட்டை மடித்துவிட்டுக் குழிக்குள் காலை விட்டார். முழங்கால் வரை தண்ணீர். மிதியைத் தொட்டுப் பார்த்தார், மரம் ஊறிப் பருத்திருந்தது. “இதை எப்படிங்க மிதிப்பீங்க?” என்று கேட்டார். பட்டுப் பாவு ஈரம் குடித்தால் இழை இழையாக அறுந்து விழும், பிணைத்து மாளாது, வெண்பட்டில் ஒரு சொட்டுச் சேறு தெறித்தாலும் அந்த வேட்டி தேறாது, வேட்டி தேறாவிட்டால் கூலி இல்லை. இத்தனையையும் என் வீட்டுக்காரர் வாயாலேயே சொல்ல வைத்தார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத மனுஷன் அவர்! இரவு ஒளிபரப்பானபோது நாங்கள் சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. விடிந்ததும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரோடு ஆட்கள் தெருவுக்குள் வந்தார்கள். வாசலோடு குறித்துக்கொண்டு போன செய்தி மூன்று நெசவாளர் பேட்டைகளையும் சேர்த்து ஒரு எண்ணிக்கையாக வந்தது. இதில் எது செய்தி, எது பொழுதுபோக்கு என்று தாங்களே சொல்லுங்கள்.

இன்னொரு மழையில், மூக்கனேரிக் கரை உடைந்துவிட்டது என்று ஊரெல்லாம் புரளி. கன்னங்குறிச்சியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டாள். இவர் குடை பிடித்தபடி ஏரிக்கரை மேலேயே நடந்து காட்டினார். கரை முழுசாக இருந்தது. அதன் பிறகுதான் அவள் கீழே இறங்கினாள்.

சொல்ல வந்தது இவ்வளவுதான் என்றால் ஒரு தபால் அட்டை போதும். ஆனால் ஆசிரியர் ஐயா, இது இன்று நேற்றைய மனக்குறை இல்லை. சேலம் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவுக்கு வேஷம் கட்டி வண்டியில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கைக்கு, முந்தின வருஷத்துப் படத்தையே போட்டீர்கள். அந்த வருஷம் வேஷம் கட்டிய பையன்கள் பேப்பரை விரித்துத் தங்களைத் தேடினார்கள். ஏற்காடு என்றால் மே மாதக் கோடை விழா மலர்க் கண்காட்சியும் படகுத் துறையும் மட்டும்தான் தங்கள் கண்ணில் படுகின்றன. மார்கழிக் குளிரில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்களின் விரல் நுனி எப்படிக் கறுத்து வெடித்திருக்கும் என்பதை நான் கேபிளில்தான் பார்த்தேன். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, பஸ் போகாத சேர்வராயன் மலைக் கிராமத்துக்கு நடந்தே போய் எடுத்து வந்தார். ஒரு காலத்தில் சேலத்துக்கென்று தனியாக வந்த பக்கங்களை இப்போது நாமக்கல், தருமபுரியோடு சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். எங்களுக்கும் அவர்களுக்கும் தனித்தனியாகச் செய்தி இருக்காதா? இதைப் பற்றி முன்பு எழுதிய என் கடிதத்தைப் பாராட்டு வரிகளை மட்டும் வைத்து வெட்டி வெளியிட்டீர்கள்.

2011-இல் அரசு கேபிள் வந்து மாதம் 70 ரூபாய் என்றபோது சந்தோஷப்பட்டோம். 2017-இல் செட்டாப் பாக்ஸ் வந்தது. அதன் பிறகு எங்கள் உள்ளூர் சேனல் எந்த எண்ணில் இருக்கிறது என்று தேடுவதே பெரும்பாடு. ஒரு நாள் ஓர் எண், மறுநாள் அங்கே வேறு ஏதோ விற்பனை விளம்பரம். மாமியார் ஏழரை மணிக்கு ரிமோட்டை என்னிடம் நீட்டுவார், நான் அழுத்திக்கொண்டே இருப்பேன். விளம்பரம் குறைந்து, ஆள் குறைந்து, கடைசியில் அவரே கேமராவைத் தாங்கியில் நிறுத்திவிட்டு முன்னால் வந்து பேசினார். அப்போதும் “சாப்ட்டாச்சுங்களா?” மாறவில்லை.

பாராட்டு விழாவில் அவரிடம் அந்தப் பழைய ஒளிப்பதிவுகளைக் கேட்டேன். கேசட் வாங்கக் காசில்லாமல் ஒன்றின் மேலேயே இன்னொன்றைப் பதிந்துவிட்டார்களாம். என் வீட்டுக்காரர் பேசியது, மாமியார் பார்த்த நந்தி எல்லாம் அப்படியே போய்விட்டன. அவர் செய்ததற்குச் சாட்சி இனி எங்களைப் போன்றவர்களின் ஞாபகமும், தங்கள் பத்திரிகையில் அச்சாகும் வரிகளும்தான். அந்த வரியும் இப்படி இருந்தால் எப்படி?

நான் கேட்பது பெரிதல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் அவர் படத்தைப் போட்டு, அவர் என்ன செய்தார் என்று நான்கு வரி சரியாக எழுதுங்கள். அதோடு, கல்யாணம், காதுகுத்து கேசட்டின் கடைசியில் அவருடைய செய்தியைப் பதிந்து வைத்திருக்கும் வீடுகள் அதைத் தூக்கிப் போட வேண்டாம் என்று ஒரு சிறு அறிவிப்பு. அவ்வளவுதான்.

இடமில்லை என்று இந்தக் கடிதத்தையும் குறைப்பதானால் மூக்கனேரியை எடுத்துவிடுங்கள், என் பழைய மனக்குறைகளையும் எடுத்துவிடுங்கள். தறிக்குழியில் மட்டும் தயவுசெய்து கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.