காசில் நிற்கும் மரம்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதமும், உன் மகள் பெருவிலிருந்து கொண்டு வந்த, அந்நாட்டுப் பணமான ஒரு சோல் நாணயமும் கிடைத்தன. கண் அறுவைக்குப் பிறகு தங்கச்சிக்குப் பார்வை தெளிந்துவிட்டது என்று படித்ததும் மனது நிம்மதியானது. இங்கே அனைவரும் நலம். சின்னவனுக்குக் குன்னூரிலேயே வேலை கிடைத்துவிட்டது.

நாணயத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அதில் இருப்பது அந்நாட்டின் கேடயச் சின்னம். 1825 பிப்ரவரியில் அவர்களுடைய நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. மேலே இடப்பக்கம் விக்குன்யா என்ற ஒட்டக இன மலை விலங்கு, வலப்பக்கம் ஒரு மரம், கீழே பொற்காசுகளைக் கொட்டும் கொம்பு. கேடயத்துக்குள் சிங்கமும் இல்லை, வாளும் இல்லை. புதிதாக விடுதலை பெற்ற நாடு தன் மண்ணில் உள்ள உயிரையும் பயிரையும் கனிமத்தையும் முன்னிறுத்தியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அந்த மரம் எது தெரியுமா? நம் சின்கோனாதான்! மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா அதன் பட்டையிலிருந்து வந்தது. 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர், உள்ளூர்க்காரர்கள் தடுக்கப் பார்த்தும், தெற்குப் பெருவின் காடுகளில் கன்றுகளைச் சேகரித்துக் கடல் கடத்தினார். அவை பிழைக்கவில்லை. ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற தாவரவியலாளர் ஈக்வடாரிலிருந்து அனுப்பிய செம்பட்டை வகைதான் நீலகிரியில் வேர்பிடித்தது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்று ஓர் ஊரே இருக்கிறது. இன்று அங்கே தேயிலைதான். எத்தனையோ உயிர்களைக் காத்த மரம் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு நாட்டின் சின்னத்தில் நின்ற மரத்தை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக எடுத்துச் சென்றது தவறு என்றே நினைக்கிறேன். பெருவில் பட்டைக்காக வெட்டியும் காட்டைத் திருத்தியும் அழித்ததில், இன்று அது அரிதாகிவிட்டது. கேடயத்தில் பார்த்த மரத்தைக் காட்டில் பார்த்தவர்கள் பெருவிலேயே குறைவு.

விக்குன்யாவின் கதை வேறு. பெருவை முன்பு ஆண்ட இன்கா அரசர்கள் காலத்தில் அரச குடும்பத்தார் மட்டுமே அதன் கம்பளியை உடுத்தலாம். பின்னர் துப்பாக்கி வந்தது. 1960களில் சில ஆயிரங்களே மிஞ்சின. 1967இல் பம்பா கலேராஸ் காப்பகம் அமைத்தார்கள். இப்போது பெருவில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஜூன் மாதத்தில் ‘சாக்கு’ என்று ஒரு விழா. வண்ணத் துணிகள் கட்டிய நீளக் கயிற்றைப் பிடித்தபடி நூற்றுக்கணக்கானோர் மலைச்சரிவில் வரிசையாக நடந்து, மந்தையைப் பட்டிக்குள் ஒதுக்குகிறார்கள். ஒவ்வொன்றிலும் கால் கிலோகூடத் தேறாத கம்பளியைக் கத்தரித்துவிட்டு, மறுபடி மலைக்கே விட்டுவிடுகிறார்கள். கம்பளி விற்ற காசில் ஊருக்கும் பங்கு இருக்கிறது. உயிரோடு இருந்தால்தான் வருமானம் என்றானபின் காவலுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. சின்கோனாவுக்கும் இப்படி ஒரு வழி பிறக்க வேண்டும். அங்கே மறுபடி நாற்று வளர்க்கிறார்கள் என்று படித்தேன். கேட்கவே ஆறுதலாக இருக்கிறது.

தேசிய மலரான கந்தூத்தாவை உன் மகள் படம் எடுத்திருந்தால் ஒரு பிரதி அனுப்பச் சொல். மே மாதம் தங்கச்சியை அழைத்துக்கொண்டு இங்கே வா. தொட்டபெட்டா சரிவில் பழைய சின்கோனா மரங்கள் சில இன்னும் நிற்கின்றன, போய்ப் பார்க்கலாம். ஸ்வெட்டர் கொண்டு வர மறக்காதே, மாலையில் குளிர் அதிகம்.

அன்புடன்,
ராமலிங்கம்