வெல்டர் கையில் பான்ஜோ

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் பில்லி கானலியை 'நகைச்சுவை நடிகர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்களே! மனிதர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். அப்புறம் பான்ஜோ என்ற தந்தி வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு பாடகர் ஜெர்ரி ராஃபர்ட்டியோடு சேர்ந்து நாட்டுப்புறப் பாட்டு பாடப் போனார், பாட்டுக்கு நடுவில் சும்மா பேசிய பேச்சு நீண்டு நீண்டு கடைசியில் பேச்சே கச்சேரியாகிவிட்டது. 1975இல் அவருடைய கேலிப் பாட்டு ஒன்று பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. வாழைப்பழ வடிவ பூட்ஸ் மாட்டிக்கொண்டு மேடையேறியதும் அந்தக் காலத்தில்தான். அதே ஆள் 1997இல் 'மிசஸ் பிரவுன்' படத்தில் விக்டோரியா மகாராணியின் பணியாளராக, மகாராணியாக நடித்த ஜூடி டென்ச்சுக்கு ஈடுகொடுத்து நடித்தார் (எனக்குப் பிடித்தது இதுதான்). பார்க்கின்சன் நோய் வந்து மேடையை விட்டபின் படம் வரைகிறார். அடுத்த முறை பான்ஜோவையாவது ஒரு வரி சேருங்கள்.

— ஒரு வாசகர், மதுரை