வீட்டுக்கல்வியின் சாதாரண நாள்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்கல்வி குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையையும், அதற்கு மறுமொழியாக வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கட்டுரையில் இடம்பெற்ற பிள்ளைகள் அனைவரும் இளம் வயதிலேயே ஏதேனும் ஒரு துறையில் பரிசு பெற்றவர்கள். கடிதங்களில் வந்த பிள்ளைகளோ நேரங்கழித்து எழுந்து, மீதிப் பொழுதை விளையாடியே கழிப்பவர்கள். ஏழு வயது மகளுக்கும் நான்கு வயது மகனுக்கும் வீட்டிலேயே கற்பித்து வரும் தாய் நான். இவ்விரண்டு சித்திரங்களும் எங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை. பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டிலேயே கற்பிப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோர் தங்கள் வாசகர்களிடையே நிச்சயம் இருப்பார்கள். சாதாரணமான ஒரு நாள் எப்படி நடக்கிறது என்ற விவரம்தான் அவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். 2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்றால் உலகெங்கும் பள்ளிகள் மூடப்பட்டபோது, யுனெஸ்கோவின் கணக்கின்படி 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் படிப்பு தடைப்பட்டது. அந்த மாதங்களில் பட்ட பாட்டை வைத்தே பலர் வீட்டுக்கல்வியை எடைபோடுகிறார்கள். ஆனால் அப்போது வீடுகளில் நடந்தது பள்ளிப் பாடமே. பள்ளியின் கால அட்டவணையும் பள்ளி கொடுத்த வீட்டுப்பாடமும் திரையின் வழியாக வீட்டுக்குள் வந்தன. பெற்றோர் தங்கள் அலுவலக வேலையையும் பார்த்துக்கொண்டு அவற்றுக்குக் காவல் இருக்க வேண்டியிருந்தது. நண்பர்களைப் பார்க்கவோ, பூங்காவுக்கோ நூலகத்துக்கோ போகவோ வழியில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அது கடினமான காலம்தான், ஏனெனில் அவர்களுடைய கல்வியில் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியே நடப்பது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பாடம் நடத்துகிறீர்கள் என்பதே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. மகளுடன் உட்கார்ந்து செய்யும் பாடம், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றும் சேர்ந்து, ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. அதுவும் ஒரே மூச்சில் நடப்பதில்லை. இதைச் சொன்னதும் கேட்பவர்களின் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் வகுப்பறையில் ஒரு குழந்தையை மட்டும் பார்த்து ஆசிரியர் பேசும் நேரம் நாளொன்றுக்கு எவ்வளவு இருக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். வருகைப் பதிவு, வரிசை, நோட்டுப் புத்தகம் வழங்குதல், மற்றவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருத்தல் ஆகியவை முப்பது பிள்ளைகள் கூடும் இடத்தில் தவிர்க்க முடியாதவை. இதை ஆசிரியர்களின் குறையாக நான் சொல்லவில்லை. தனி ஒருவருக்குக் கற்பிப்பதன் வலிமையை அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிக் கவனப்படுத்தினார். பிற்கால ஆய்வுகள் அவர் சொன்ன அளவுக்குப் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை என்றாலும், ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து கற்பது பலன் தருகிறது என்பதை அவையும் மறுக்கவில்லை.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மகளுக்குத் தமிழ் எழுத்துகளை அகர வரிசையில் தொடங்காமல், நேர்கோடுகளாலும் எளிய வளைவுகளாலும் ஆன ட, ப, ம ஆகியவற்றிலிருந்து தொடங்கினோம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்துகளை எண்ணி மலைக்கத் தேவையில்லை. குறிகளின் ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் பெரும்பாலானவை தாமே வந்துவிடும். ஆனால் எங்கே தடுமாற்றம் வரும் என்பது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகும் குழந்தைக்கு இது உண்மையிலேயே சிரமம். உகர, ஊகார வரிசைகளில் கு, சு, டு, து என்று குறியின் வடிவமே எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. கல், அகம், தங்கம் என்ற மூன்று சொற்களிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. மகள் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கும்போது எந்த இடத்தில் குரல் தயங்குகிறது என்பதைக் கேட்டு, மறுநாள் அந்த எழுத்து வரும் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வேன். பாடத்திட்டம் தயாரிப்பது என்று நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பிள்ளைகள் உறங்கிய பின் செய்யும் வேலை இது.

கணக்கில் அவசரம் காட்டுவதே பெற்றோருக்கு வரும் பெரிய சோதனை. ஒரே எண்ணிக்கையுள்ள இரண்டு வரிசைப் பொத்தான்களில் ஒன்றைச் சற்று அகலப் பரப்பி வைத்தால், அதில்தான் அதிகம் இருக்கிறது என்கிறான் என் மகன். இந்த வயதுக் குழந்தைகள் பலர் அப்படித்தான் சொல்வார்கள் என்பதைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே பல பத்தாண்டுகளுக்கு முன்பே விளக்கியிருக்கிறார். இல்லை, இரண்டும் சமம் என்று நான் சொன்னால் அவன் ஒப்புக்குத் தலையாட்டுவான். அதனால் அவனுக்கு எதுவும் விளங்கிவிடாது. பொத்தான்களை அவன் கையிலேயே விட்டுவிட்டு, வேறொரு நாள் மீண்டும் கேட்பதற்குப் பொறுமை வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை இரட்டை இலக்கக் கூட்டல் போடுகிறது என்று காதில் விழும் நாளில் அந்தப் பொறுமையைக் காப்பது எளிதல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகு, கற்பித்தல் இந்த வாழ்க்கையின் கடினமான பகுதி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மூத்தவளுக்குப் பாடம் நடக்கும் நேரத்தில் இளையவன் என்ன செய்கிறான் என்பதே எங்கள் காலைப் பொழுதுகளைத் தீர்மானிக்கிறது. முதல் அரை மணி நேரத்தை அவனுக்கென்றே கொடுத்துவிட்டால், கதை கேட்ட நிறைவோடு களிமண்ணோ கட்டைகளோ வைத்துக்கொண்டு அருகிலேயே விளையாடுவான். கொடுக்காவிட்டால் அக்காவின் பென்சிலைப் பிடுங்குவதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே வழி. அவன் கையில் கைபேசியைக் கொடுத்தால் வீடு உடனே அமைதியாகும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்றும், மூன்று நான்கு வயதினர் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடங்கள் ஓடியாட வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியிருக்கிறது. அந்த 180 நிமிடங்களுக்கும் யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். நாளின் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது, அதை யாரும் பாடவேளையாகக் கணக்கில் எழுதுவதில்லை.

தாயும் ஆசிரியையும் ஒருவராகவே இருப்பதில் வேறொரு சிக்கல் உண்டு. பள்ளி ஆசிரியையிடம் காட்டத் தயங்கும் முரண்டை ஒரு குழந்தை தாயிடம் தயங்காமல் காட்டும். இன்றைக்கு எழுத மாட்டேன் என்று மகள் நோட்டை மூடும்போது, அது களைப்பா, பாடம் கடினமாகிவிட்டதா, காலையில் நான் கடிந்துகொண்டதன் மிச்சமா என்பதை அந்த நொடியே கணிக்க வேண்டியிருக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆசிரியர் வரப் போவதில்லை. என் கணவர் மாலை வாசிப்பையும் விடுமுறை நாள்களையும் முழுமையாக ஏற்றுக்கொண்டிருப்பதால்தான் இது எங்களுக்குச் சாத்தியமாகிறது. ஒருவர் தோளிலேயே எல்லாம் விழும் வீடுகளில் இது எவ்வளவு நாள் நீடிக்கும் என்று எனக்கு ஐயம் உண்டு. ஒரு வருமானம் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால், விரும்பும் எல்லாக் குடும்பங்களுக்கும் எட்டும் வழி இதுவல்ல. தங்கள் கட்டுரை இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாதது எனக்கு வருத்தம் தந்தது.

பிள்ளைகள் தனிமைப்பட்டுவிடுவார்கள் என்று வாசகர்கள் எழுதியிருந்தது நியாயமான கவலை. பள்ளியில் நண்பர்கள் தினமும் எதிரே வந்து நிற்கிறார்கள். எங்களுக்கு அதை வாரந்தோறும் திட்டமிட வேண்டியிருக்கிறது. நீச்சல், இசை, ஓவியம் என்று பல வகுப்புகளில் சேர்ப்பதைவிட, ஒரே குழந்தைகளை ஒரே நாளில் தவறாமல் சந்திக்க வைப்பது மேலானது என்பது என் முடிவு. சண்டையிட்டுப் பிரிந்தவரை அடுத்த வாரமும் பார்த்தாக வேண்டும் என்றால்தான் சமாதானம் செய்துகொள்ளக் கற்பார்கள். பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: என் மகளைக் கண்டதும் ஏழாம் வாய்ப்பாடு சொல் என்று சோதிக்காதீர்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை யாரும் தெருவில் நிறுத்தித் தேர்வு வைப்பதில்லை. இப்போது என்ன கதை படிக்கிறாய் என்று கேளுங்கள், நின்று பதில் சொல்வாள்.

சட்டத்தைப் பொறுத்தவரை நாடுகளிடையே ஒத்த கருத்து இல்லை. தம் பிள்ளைகளுக்கு எவ்வகைக் கல்வி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கு உண்டு என்கிறது 1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 26ஆம் பிரிவு. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளியிலோ வேறு வகையிலோ கல்வி அளிக்கலாம் என்கிறது. ஜெர்மனியோ பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்கிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2006இல் அந்நாட்டின் நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கல்வி அளிப்பவர்களில் பலர் எந்த மேற்பார்வையையும் விரும்புவதில்லை என்பதை அறிவேன். நான் அவர்களோடு உடன்படவில்லை. வெளியார் எவர் கண்ணிலும் படாமல் ஒரு குழந்தை வளரும்போது, அதற்கு ஏதேனும் தீங்கு நேர்ந்தால் கவனிக்க ஆளில்லை. ஆண்டுக்கொரு முறை பயிற்சி பெற்ற ஒருவர் வந்து, பிள்ளைகளோடு பேசி, அவர்களின் நோட்டுகளைப் பார்த்துப் போவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அன்றன்று படித்ததைத் தேதியிட்டு எழுதி வைக்கும் வழக்கத்தை எவரும் கேட்காமலேயே நாங்கள் கடைப்பிடிக்கிறோம்.

இந்தப் பொருளில் மீண்டும் கட்டுரை வெளியிடும்போது, வீட்டில் கற்பித்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த பெற்றோரையும் தாங்கள் சந்தித்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த வயதில், எதனால் அந்த முடிவை எடுத்தார்கள், புதிய வகுப்பில் குழந்தைக்கு எது எளிதாக இருந்தது, எது சிரமமாக இருந்தது என்பதை அவர்களால் மட்டுமே சொல்ல முடியும். எங்கள் மகளும் ஒருநாள் பள்ளிக்குப் போக விரும்பலாம் என்பதால், அந்த அனுபவங்களைப் படிக்க நானும் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி