விலாசம் இல்லாதவருக்கு வாய்தா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ மாஜிஸ்திரேட்டாகப் பொறுப்பேற்கப் போகிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து டீக்கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும் தாயி. அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

திண்ணை அண்ணாச்சியைப் பற்றித்தான். அவருக்கு நான் ஜாமீன் நின்றபோது, "தெரியாத ஆளுக்கு வீட்டு வரி ரசீதைக் கொடுப்பீங்களாப்பா?" என்று போனில் கோபித்தாயே, அவர்தான். அன்று உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை.

கல்யாண வீடுகளுக்கு மாஸ்டர்களோடு சமையலுக்குப் போனவர் அவர். தேங்காய்ப்பால் சொதி வைப்பதில் நல்ல கைப்பக்குவம். மீனாட்சிபுரத்தில் ஆற்றை ஒட்டி ஒற்றை அறை, மாத வாடகை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அதோடு அறையின் சுவர் போய்விட்டது. ரேஷன் கார்டு, ஆதார், வங்கி பாஸ்புக் எல்லாம் போயிற்று. நம் வண்ணார்பேட்டைக் கடையிலும் இடுப்பளவு தண்ணீர், உனக்குத் தெரியும். நாம் சேற்றை அள்ளிப் போட்டுவிட்டு பத்து நாளில் அடுப்பு மூட்டினோம். அவருக்கு வேறு அறை கிடைக்கவில்லை. முன்பணம் இல்லை, அப்போதே இருமல் வேறு. இருமுகிறவருக்கு யார் வீடு கொடுப்பார்கள்? இருமுகிறவரைச் சமையலுக்குத்தான் யார் கூப்பிடுவார்கள்? நம் கடைத் திண்ணைக்கு வந்தார்.

அவர் படுப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் சிமெண்ட் சாக்கை விரிப்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்த எக்ஸ்ரே படத்தை உறையோடு துணிப்பைக்குள் தட்டையாக வைத்து, அந்தப் பையைத் தலைக்கு வைத்துக்கொள்வார். மடங்கக் கூடாதாம். அவர் பெயர் அச்சடித்து மிச்சமிருந்தது அந்த ஒன்றில்தான். எழுந்ததும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார், நெஞ்சின் மேல்பக்கம் பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை.

காசநோய். மாத்திரை இலவசம்தான், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று நர்ஸம்மா என்னிடமும் சொன்னார்கள். சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 500 ரூபாய் அரசாங்கம் கொடுக்கிறது, 2024 நவம்பரிலிருந்து அது 1000. ஆனால் அந்தப் பணம் வங்கிக் கணக்கில்தான் விழும். பாஸ்புக் ஆற்றோடு போனவருக்கு முதலில் ஆதார் வேண்டும், ஆதார் அட்டை தபாலில் வந்து சேர விலாசம் வேண்டும். வீடில்லாதவர்கள் இரவு தங்கும் விடுதி ஒன்றுக்கும் கூட்டிப்போனேன். நகரத்தில் லட்சம் பேருக்கு ஒரு விடுதியாவது இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருப்பதாக நீ சொன்ன தைரியம். இருமல்காரரை மற்றவர்களோடு படுக்க வைக்கத் தயங்கினார்கள். அவர்கள் பயத்தையும் நான் குறை சொல்லமாட்டேன்.

நான்காம் மாத்திரை மாதம் அது. பஸ் ஸ்டாண்டில் யாருடைய செல்போனோ காணாமல் போயிற்று. வீட்டுக்குள் படுத்திருப்பவரைப் பிடிக்கக் கதவைத் தட்டியாக வேண்டும். இவருக்குக் கதவே இல்லை. ராத்திரி போலீஸ்காரர்கள் கூட்டிப்போனார்கள். நான் வெளியூர்ச் சமையலுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இருமுகிறவர் எந்தச் சமையலுக்குப் போவார் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அது என் மனசில் கிடக்கிறது.

ஒன்பதாம் நாளே ஜாமீன் கொடுத்துவிட்டார்களாம். இரண்டு பேர் ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் கொண்டுவந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு அந்த இரண்டு பேர் இல்லை. ஜாமீன் கிடைத்த பிறகும் முப்பத்தெட்டு நாள் உள்ளே இருந்தார். வக்கீல் குமாஸ்தா ஒருவர் டீ குடிக்க வந்து பேச்சுவாக்கில் சொன்ன பிறகுதான் நானும் பக்கத்து சைக்கிள் கடைக்காரரும் போனோம்.

நம்மூர்ச் சட்டக் கல்லூரியில் நீ படிக்கும்போது ஒரு ராத்திரி எனக்குக் கதை மாதிரி சொன்னாய். 1978-இல் மோதிராம் என்ற கொத்தனார். ஜாமீனுக்கு 10,000 ரூபாய்க்கு ஆள் கேட்டார்களாம், அவர் சகோதரன் வந்து நின்றால் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்களாம். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆள் ஜாமீன் கேட்காமல், அவரே எழுதிக் கொடுக்கும் 1,000 ரூபாய் சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார் என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. நாட்டில் சிறையில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் இன்னும் விசாரணை முடியாதவர்கள் என்றும் நீதான் சொன்னாய். அந்த மூன்று பேரில் அண்ணாச்சி மாதிரி எத்தனை பேரோ!

வெளியே விட்டது சாயங்காலம். வாசலில் பையோடு நின்று, "எங்கே போக அண்ணாச்சி?" என்று என்னைக் கேட்டார். திண்ணைக்குத்தான் கூட்டிவந்தேன். உள்ளே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வெளியே வந்தபின் எந்த ஆஸ்பத்திரியில் போய் வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் போய்விட்டது. பதின்மூன்றாம் நாள் காலையில் துப்பியதில் ரத்தம்.

அப்புறம் சம்மன். அது மீனாட்சிபுரத்து இடிந்த அறைக்குப் போயிருக்கிறது. வாய்தாவுக்கு வரவில்லை என்று வாரண்டு. ஒளிந்துகொண்டார் என்று காகிதத்தில் இருக்கும். மனுஷன் நம் கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார் தாயி. கையில் காசில்லாமல் காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு என்று சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர்கள் கொடுத்த வக்கீல்தான் வாரண்டைத் திரும்பப் பெற வைத்தார்.

வீடில்லாதவர்கள் நாட்டில் 17 லட்சத்துக்கு மேல் என்று 2011 கணக்கெடுப்பில் எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு அண்ணாச்சி வாடகை அறையில் இருந்தவர், அந்த எண்ணிக்கையில் அவர் இல்லை. வீடும் உடம்பும் வழக்கும் அவருக்குத் தனித்தனியாக வரவில்லை. ஒன்று போனதும் மற்றது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது.

உன் முன்னால் ஒருவர் வந்து விலாசம் இல்லை என்று சொன்னால், ராத்திரி எங்கே படுப்பாய் என்று கேள். படுக்கிற இடமும் ஒரு இடம்தான், அங்கே அவரைத் தெரிந்த டீக்கடைக்காரன் ஒருவன் இருப்பான். மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா என்று கேள். ஆள் ஜாமீன் கேட்காமல் சொந்தப் பிணையில் விட முடிகிற வழக்கு என்றால் விட்டுவிடு. உன் வேலையில் அப்பா தலையிடுகிறேன் என்று நினைக்காதே. சட்டம் உனக்குத் தெரியும், திண்ணை எனக்குத் தெரியும்.

இப்போது அவரைக் கடையின் பின்அறையில் படுக்க வைத்திருக்கிறேன். அம்மா முதலில் முகம் சுளித்தாள், இப்போது தினமும் அவருக்கு ஒரு முட்டை அவித்து வைக்கிறாள். மாத்திரை மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். கடைக் கதவு எண்ணைப் போட்டு ஆதாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லி அம்மாவைச் சொதி வைக்கச் சொன்னார். "பாப்பா எப்ப வருது?" என்று கேட்டார்.

அவருக்கு வாய்தா 14-ஆம் தேதி. அன்றைக்குக் கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் கூடப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா